புதுப்பிப்பு: பின்பக்க டேம்பரை இப்ப ட்ரிம் கழட்டாமலே அட்ஜஸ்ட் பண்ண முடியுது

உதவின எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கார்ல காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும், அதாவது ஷாக் அப்சார்பரும், சேர்ந்த சஸ்பென்ஷன் செட்) மாட்டினதுக்கு அப்புறம் பின்பக்க டேம்பரோட இறுக்கத்தை கிளிக் கிளிக்கா மாத்தற நாப் டிக்கி ட்ரிம்முக்கு (உள்பக்க மூடிக்கு) உள்ள போயிடுச்சு, ஒவ்வொரு தடவையும் ட்ரிம்மைக் கழட்டி கிளிப் உடையுது, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்.

ட்ரிம்ல நேரா ஓட்டை போடுற யோசனை சரிப்படல, நாப்புக்கு மேல பாடித் தகடு குறுக்க வருது. வளையுற எக்ஸ்டென்ஷன் கேபிள் போடச் சொன்னாரே ஒருத்தர், அதுதான் வேலை செஞ்சது. நாபை எடுத்துட்டு அந்த ஷாஃப்ட்ல கேபிளைச் சொருகி, பக்கத்துல இருக்கற குட்டி கிரப் ஸ்க்ரூவை (தலை இல்லாத ஸ்க்ரூ) ஆலன் கீயால டைட் பண்ணி, மறுமுனையை ட்ரிம் ஓரமா வெளிய எடுத்துட்டேன்.

எதிர்பார்க்காதது ஒண்ணு. முதல்ல கேபிளை ரொம்ப மடக்கி விட்டுட்டேன், திருப்பினா கேபிள்தான் முறுக்கிக்குது, கையில கிளிக்கே தெரியல, கொஞ்சம் கழிச்சு ரெண்டு மூணு கிளிக் சேர்ந்து டக்குனு விழுது. அகலமா வளைச்சு விட்டதும் ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனியா தெரியுது. அப்பவும் நாப்ல திருப்பற அளவுக்கு துல்லியமா இல்ல, அதனால மெதுவா ஃபுல் ஹார்டு (டேம்பர் ரொம்ப இறுக்கமா இருக்கற கடைசி நிலை) வரைக்கும் போய் அங்கிருந்து பின்னாடி எண்ணுங்க, ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வரணும். கடைசியில முட்டினதும் நிறுத்திடுங்க, அழுத்தித் திருப்பினா உள்ள வால்வு போயிடும்.

கிரப் ஸ்க்ரூ ஒரு வாரத்துல லூஸ் ஆச்சு, துளி த்ரெட்லாக் (ஸ்க்ரூ லூஸ் ஆகாம பிடிக்கற பசை) வச்சேன், இப்ப அசையல.