ஒரே பாட்டுல பெண்ணுக்கு மரியாதையும் இருக்கு, தீட்டு உவமையும் இருக்கு. குருநானக் சொன்னதை எப்படி புரிஞ்சிக்கிறது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

போன மாசம் சென்னை போனப்ப என் தோழி டி.நகர் குருத்வாராவுக்கு கூட்டிட்டு போனா. நெய்வேலி டவுன்ஷிப்ல என்கூட படிச்சவ, பஞ்சாபி குடும்பம், தமிழ் நம்மள மாதிரியே பேசுவா. அன்னைக்கு எனக்கு மூணாவது நாள். வாசல்லயே நின்னுட்டு "நான் இங்கயே இருக்கேன், நீ போயிட்டு வா"ன்னு சொன்னேன். அவளுக்கு ஏன்னே புரியல, புரிஞ்சதும் "இங்க அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கடி, தலைய மூடிக்கிட்டு வா"ன்னு என் துப்பட்டாவ எடுத்து அவளே தலைல போட்டு விட்டா. ஆம்பளைங்களும் தலைய மூடிட்டு தான் உள்ள போறாங்க. ரெண்டு கையும் சேத்து ஏந்தினா கோதுமை அல்வா மாதிரி பிரசாதம் வைக்கிறாங்க, சூடா, நெய் உள்ளங்கைல அப்படியே நிக்குது. அப்புறம் சமையக்கட்டுல ரொட்டி தேய்க்கிற இடத்துல எனக்கும் ஒரு கட்டை குடுத்து உக்கார வச்சிட்டாங்க. மூணாவது நாள்ல நான் தொட்டு தேய்ச்ச ரொட்டிய அங்க வந்த அத்தனை பேரும் தரைல ஒரே வரிசைல உக்காந்து சாப்ட்டாங்க. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா சொல்றேன்.

ஏன்னா எங்க வீட்ல என் பொண்ணு வயசுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. மாசா மாசம் மூணு நாள் பின்கட்டுல தனி பாய், தனி தட்டு, தனி சொம்பு. மாமியார் கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு அப்படித்தான் பழக்கம். பன்னெண்டு வயசு குழந்தை "நான் என்னம்மா தப்பு பண்ணேன்"னு கேக்குது, எனக்கு பதில் சொல்ல தெரியல.

சரி, விஷயத்துக்கு வரேன். ஊருக்கு வந்ததும் அந்த தோழி அனுப்பின ஆசா தி வார் உரைய படிச்சேன். விடியக்காலைல குருத்வாராவுல பாடுற குருநானக் பாட்டு அது. சீக்கியங்களோட புனித நூல் குரு கிரந்த் சாகிப்ல 473ம் பக்கம் (பக்கத்தை அங்குன்னு சொல்றாங்க) "பெண்கிட்ட தான் பொறக்கிறோம், பெண்ணுக்குள்ள தான் கருவாகிறோம், ராஜாக்களை பெத்தவள எப்படி தாழ்வா சொல்லலாம்"னு கேக்குறார். ஆனா அதுக்கு முந்தின பக்கம், 472ல, பெண்ணுக்கு மாசா மாசம் திரும்ப திரும்ப வர்ற மாதிரி பொய்யன் வாய்ல பொய் குடியிருக்குன்னு ஒரு உவமை. படிச்சதும் ஏதோ மேல சுள்ளுன்னு பட்ட மாதிரி ஆயிடுச்சு. பெண்ணை தாழ்த்தாதேன்னு சொல்றவரே பொய்க்கு உவமையா இதையா எடுக்கணும்? இதை எப்படி படிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பொண்ணுக்கு சொல்றதுக்காக கேக்குறேன், சண்டைக்காக இல்ல.


முத்தியால்பேட்டை தோழன் (புதுச்சேரி)

தோழர், உங்க பொண்ணு கேட்ட கேள்விதான் முக்கியம், அதுக்கு பதில் தேடி எந்த மத நூலுக்கும் போகாதீங்கன்னு தான் நான் சொல்வேன். 1430 பக்கம் இருக்கு, குருமார்கள்லேர்ந்து கபீர், ரவிதாஸ் வரைக்கும் அத்தனை பேர் பாட்டு இருக்கு, ஒரு பெண் பேர்ல ஒரு பாட்டு கூட இல்ல. பத்து குருவும் ஆண். நீங்க சொன்ன அந்த 473லயே பாருங்க, ராஜாவ பெத்தவங்கிறதால தான் மரியாதை, அப்ப பெக்காதவளுக்கு? "மனைவி செத்தா இன்னொருத்திய தேடுறோம்"னும் அதே பாட்டுல வருது, அது யாரு பேசுற பேச்சு, ஆம்பளை பேசுற பேச்சு தானே. ஐநூறு வருசமா இதை பாடுற பஞ்சாப்ல 2001 கணக்கெடுப்புல ஆறு வயசு வரைக்கும் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 798 பெண் குழந்தை, 2011ல 846. பாட்டு நல்ல பாட்டா இருந்தா மட்டும் போதுமா?


வில்லியனூர் பொண்ணு (இப்ப லூதியானா)

கெடிலக்கரை தங்கச்சி, உன் போஸ்ட படிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு வந்து எழுதுறேன். நான் புதுச்சேரி வில்லியனூர், கல்யாணம் ஆகி இங்க வந்து பதினெட்டு வருசம், சீக்கிய குடும்பம்.

அந்த உவமை எனக்கும் உறுத்துச்சு மா. வந்த புதுசுல எங்க அத்தை (மாமியாரை தான் சொல்றேன்) காலைல பாடும்போது அர்த்தம் கேட்டேன், அவங்க அந்த ஒரு வரிய மட்டும் சொல்லிட்டு நிறுத்தல, உக்கார வச்சி அடுத்ததையும் சேத்து சொன்னாங்க. அடுத்த ரெண்டு வரி என்னன்னா, உடம்பை கழுவிட்டு உக்காந்தவங்கள சுத்தம்னு சொல்லாத, யார் மனசுல கடவுள் குடியிருக்காரோ அவங்க தான் சுத்தம்னு. அதே பக்கத்துல கொஞ்சம் தள்ளி சூதக் பத்தி வருது, சூதக்னா தீட்டு, முக்கியமா பிள்ளை பெத்த வீட்டு தீட்டு. தீட்டுன்னு ஒண்ண ஒத்துக்கிட்டா எல்லாத்துலயும் தீட்டு தான், எரிக்கிற வறட்டிலயும் விறகுலயும் புழு இருக்கு, தின்ற தானியம் ஒவ்வொண்ணுலயும் உயிர் இருக்கு, எல்லாத்தையும் பச்சையா வச்சிருக்கிற தண்ணியே முதல் உயிர், அப்ப தீட்டை எங்க ஒதுக்கி வைப்பே, அது உன் சமையக்கட்டுக்குள்ளயே இருக்கேன்னு கேக்குறார். பேராசை மனசோட தீட்டு, பொய் நாக்கோட தீட்டு, அடுத்தவன் பொண்டாட்டியயும் சொத்தையும் பாக்குறது கண்ணோட தீட்டுன்னு அங்கயே பிரிச்சு சொல்றார். பின்கட்டுல தனி தட்டு வைக்கிற வழக்கத்துக்கு இதவிட நேரா ஒரு கேள்விய யாரும் கேட்டிருக்க முடியாதுன்னு எனக்கு தோணும். அதுக்காக அந்த உவமை என்னை உறுத்தலன்னு பொய் சொல்ல மாட்டேன்.

தம்பி முத்தியால்பேட்டை, ராஜாவ பெத்ததுக்காக மட்டும்னு நிறுத்திட்டீங்க. அதுக்கு அடுத்த வரிய விட்டுட்டீங்களே. பெண்கிட்டேர்ந்து தான் பெண்ணும் பொறக்கிறா, பெண் இல்லாம யாருமே இல்ல, பெண்ணுக்கு வெளிய நிக்கிறவன் அந்த ஒரே மெய்ப்பொருள் மட்டும் தான்னு முடியுது. பெண் கருவ அழிக்கிற ஊர்ல, பெண்ணும் பெண்கிட்டேர்ந்து தான் வரான்னு சொல்ற அந்த ஒரு வரி எவ்ளோ பெரிய வரின்னு இங்க வாழ்ந்தா தெரியும்.

நீங்க சொன்ன 846 உண்மை, மறைக்க மாட்டேன், இந்த தெருவுலயே ரெண்டாவது பொண்ணு பொறந்தா துக்க வீடு மாதிரி இருந்ததை நான் பாத்திருக்கேன். பெண் குழந்தைய கொல்றவனோட உறவே வச்சிக்காதேன்னு சீக்கியங்களோட நடத்தை விதி, ரேஹத் மர்யாதா, 1945ல ஏத்துக்கிட்டது, அதுல எழுதியே இருக்கு. எழுதி இருந்தும் நடந்துச்சு. ஆனா அதே 2011ல தமிழ்நாடு 943 இருந்தப்ப நம்ம கடலூர் மாவட்டம் 896. அங்க யாரும் ஆசா தி வார் பாடல. அதனால பாட்டு மேல மட்டும் பழிய போட்டா நம்ம தப்பிச்சிடுவோம் தம்பி.

இங்க இன்னும் தீராத சண்டை எவ்வளவோ இருக்கு. கல்யாணத்துல கிரந்தத்தை நாலு சுத்து சுத்தும்போது எப்பவும் மாப்பிள்ளை முன்னால, பொண்ணு பின்னால. அமிர்தசரஸ் ஹர்மந்திர் சாகிப் (பொற்கோயில்) உள்ள கீர்த்தனை பாடுறது ஆம்பளைங்க மட்டும். பெண்களையும் பாட விடுங்கன்னு 2019 நவம்பர்ல பஞ்சாப் சட்டசபையே தீர்மானம் போட்டுச்சு. பெண் பாடக்கூடாதுன்னு ரேஹத் மர்யாதால ஒரு வரி கிடையாது, வழிபாட்டுக்கு கூடுற கூட்டத்துல பெண் முகத்தை மூடிட்டு உக்காரதே தப்புன்னு தான் அதுல இருக்கு. அப்ப தடுக்கிறது எது, பழக்கம். நம்ம வீட்ல பின்கட்டுக்கு அனுப்புதே, அதே பழக்கம் தான்.


அதிகை வாத்தியார் (திருவதிகை, பண்ருட்டி)

அம்மா, ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். மூலம் இருக்கிற குர்முகி எழுத்து தெரியாது, ஆனா எழுத்துக்கூட்டி கொடுத்த மூலத்தையும் ரெண்டு மூணு உரையையும் வச்சி இந்த இடத்தை நிதானமா படிச்சிருக்கேன். உங்க உவமைல "வாரோ வார்"னு ஒரு சொல் வருது, திரும்பத் திரும்பன்னு அர்த்தம். உவமைக்கு ஒப்புமைப் பொருள் எதுன்னு பாக்கணும். முகம் நிலா மாதிரின்னா நிலாவோட பள்ளத்தை எடுத்துக்க மாட்டோம் இல்லையா. இங்க ஒப்புமை மீண்டும் மீண்டும் வர்றது, விடாம வர்றது, அழுக்கு இல்ல. இது என் வாசிப்பு. ஆனா அந்தக் காலத்து ஜனங்க மனசுல இருந்த அருவருப்பு உவமைக்குள்ள கொஞ்சம் கூட ஒட்டலன்னு சாதிக்க எனக்கு மனசு வரல. ஊர் வாய்ல இருந்ததை எடுத்து, அதை வச்சே ஊரோட சுத்தக் கணக்கை உடைக்கிறார்னு தான் சொல்லலாம். நம்ம சிவவாக்கியரும் இதே வேலைய தானே பண்ணார், தீட்டுன்னு ஒதுக்குறியே, அதுலேர்ந்து தானே உன் உடம்பே உருவாச்சுன்னு.

இன்னொண்ணு. மூணாவது குரு அமர்தாஸ் ஒரு இடத்துல இந்த உலகத்துல ஆண் ஒருத்தன் தான், அது கடவுள், மத்த எல்லாரும் பெண்ணுங்கறார். இதுக்கு நமக்கு விளக்கம் தேவையே இல்ல. நம்மாழ்வார் பராங்குச நாயகியா பாடினது நமக்கு பழகின விஷயம், அப்பர் சுவாமிகளும் திருவாரூர் பதிகத்துல அவன் பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, தன்னை மறந்து போன ஒரு பெண்ணைத் தான் பாடுறார். கடவுள் முன்னாடி ஆண் தன் ஆண்தன்மைய கீழ இறக்கி வைக்கணும்கிறது அதுல இருக்கிற பெரிய சங்கதி. அதே அமர்தாஸ் தான் கணவன் மனைவிய பத்தி, பக்கத்துல பக்கத்துல உக்காந்தா போதாது, ரெண்டு உடம்புல ஒரே ஜோதியா இருக்கிறவங்க தான் தம்பதின்னார். உடன்கட்டை ஏறுறவ சதி இல்ல, பிரிவுங்கிற அடி பட்டே செத்துப் போறவ தான் சதின்னும் பாடினார். அந்தக் காலத்துல அது சாதாரண பேச்சு இல்ல.

தோழன் தம்பி சொன்ன குறை எனக்கும் உண்டு. எங்க ஊர்ல அப்பருக்கு வயித்து வலி வந்தப்ப திருநீறு கொடுத்து அதிகை கோயிலுக்குள்ள கூட்டிட்டு போனது அக்கா திலகவதியார். அவங்க இல்லன்னா அப்பரே இல்ல. அப்பர் பாடினது ஆயிரக்கணக்குல இருக்கு, அந்த அம்மா பாடினதா நம்ம கைல ஒரு பாட்டு இல்ல. நானும் முப்பது வருசம் பாடம் எடுத்தும் இதை யோசிச்சதில்ல, இன்னைக்கு இதை படிச்சப்ப தான் மனசு கனத்துது.


வில்லியனூர் பொண்ணு (இப்ப லூதியானா)

ஐயா சொன்னதும் ஒரு பேர் ஞாபகம் வந்துடுச்சு. மாதா கீவி, ரெண்டாவது குரு அங்கத் தேவ் அவங்களோட மனைவி. குருமார்களோட மனைவிமார்ல கிரந்தத்துக்குள்ள பேரோட வர்றவங்க அவங்க ஒருத்தங்க தான், 967ம் அங், சத்தா, பல்வந்த்னு ரெண்டு பாணர்கள் பாடின பாட்டு. நல்ல மனுஷி, அடர்ந்த இலை மரத்து நிழல் மாதிரி, அவங்க லங்கர்ல (எல்லாருக்கும் சோறு போடுற பொது சமையக்கட்டுல) நெய் விட்ட பால் பாயசம் கிடைக்கும்னு பாடி வச்சிருக்காங்க. பெண்ணை அடுப்படில வச்சு தான் புகழ்ந்தாங்களான்னு கேட்டா, ஆமா, அப்படியும் கேக்கலாம். ஆனா யார் வந்தாலும் ஒரே வரிசைல உக்காரணும்கிற இடத்துல கரண்டி யார் கைல இருந்துச்சுன்னும் பாக்கணும். வடலூர் தருமசாலைல 1867லேர்ந்து அணையாம எரியுதே அடுப்பு, அத பாத்து வளந்தவங்க நம்ம, சோறு போடுறது சின்ன வேலை இல்லன்னு நமக்கு தெரியும்.


முத்தியால்பேட்டை தோழன் (புதுச்சேரி)

அக்கா, 896 தெரியாது எனக்கு. தேடி பாத்தேன், சரியா தான் இருக்கு. பெண்ணும் பெண்கிட்டேர்ந்துங்கிற வரியையும் நான் கவனிக்கல, அது பெரிய வரி தான், ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சமம்னு எழுதி இருக்குன்னு பெருமைப்படுறவங்க தான் முதல்ல ஹர்மந்திர் சாகிப்ல பாட விடணும். எழுதினத காட்டி உரிமை கேக்குற பெண்களுக்கு அந்த எழுத்து ஆயுதம், தடுக்கிறவங்களுக்கு அது வெறும் அலங்காரம் ஆயிடக்கூடாது.


வில்லியனூர் பொண்ணு (இப்ப லூதியானா)

அதுல உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்ல தம்பி.


கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, "வாரோ வார்" விளக்கத்தை நோட்ல எழுதி வச்சிட்டேன், ஒட்டிட்டு இருக்கிற அருவருப்பையும் மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்காகவே. தோழர், நீங்க கேட்டதையும் பொண்ணுகிட்ட சொல்லுவேன், ரெண்டும் கேட்டு வளரட்டும்.

நேத்து நைட்டு சமையக்கட்டுல உக்காந்து அந்த விறகு, வறட்டி, தானியம், தண்ணி பகுதிய மாமியாருக்கு படிச்சு காட்டினேன். யாரு பாடினதுன்னு முதல்ல சொல்லல. முறத்துல உளுந்து பொறுக்கிட்டு இருந்தவங்க "தண்ணியே உயிரா"ன்னு ஒரு தடவ கேட்டாங்க, அப்புறம் கைல இருந்த உளுந்த கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாங்க. வேற ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு காலைல பின்கட்டுல இருந்த அந்த தனி தட்டை கழுவி மத்த தட்டுங்களோட அடுக்கி வச்சேன். பாத்தாங்க, எடுத்து தள்ளி வைக்கல. அடுத்த வாரம் பொண்ணுக்கு நாள் வருது, அப்ப தான் தெரியும்.

அக்கா, உங்க அத்தை காலைல பாடும்போது அந்த சூதக் பகுதிய மட்டும் போன்ல பதிவு பண்ணி அனுப்ப முடியுமா? அர்த்தம் படிச்சாச்சு, அவங்க குரல்ல எப்படி இருக்குன்னு பொண்ணு கேக்கணும்னு சொல்றா.