தூசிக்கூட்டுக்குள் எத்தனை நட்சத்திரம்? ரேடியோவில் எப்படிப் பிரிக்கிறார்கள்?

பாலக்கோடு ஆசிரியர்:
அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பெரிய நட்சத்திரங்கள் தூசிக்கூட்டுக்குள் கூட்டமாகப் பிறக்கின்றன என்று வகுப்பில் சொன்னேன். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், தருமபுரி மார்க்கெட்டில் இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டைப் பார்த்ததும் தனியாகப் பொறுக்கிவிடுவார்கள். நட்சத்திரக் கூட்டில் உள்ளே ஒன்றா, இரண்டா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். ரேடியோ அலை தூசியைத் தாண்டும், சரி. ஆனால் அலை நீளமானால் படம் மங்கும் அல்லவா? அவளுக்கு ஒப்புக்குப் பதில் சொல்ல மனமில்லை.

ஓசூர்க்காரன்:
சார், அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்து. முனைவர் பட்டத்துக்கு நான் மல்லுக்கட்டியதே இந்தக் கேள்வியோடுதான்.

மங்கலைப் போக்கத்தான் பல டிஷ்களை இணைக்கிறார்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் உள்ள விஎல்ஏ என்ற ரேடியோ தொலைநோக்கியில் 27 டிஷ், ஒவ்வொன்றும் 25 மீட்டர், 36 கி.மீ. அகலம்வரை பரப்பலாம். 7 மி.மீ. அலையில், 1,350 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள, நட்சத்திரங்கள் பிறக்கும் ஓரியன் மேகத்தில், பூமி-சூரியன் தூரத்தைப் போல் 20 மடங்கு இடைவெளி இருந்தாலே இரண்டு பொருளும் தனித்தனியாகத் தெரியும். அங்கே பிஎன் என்றும் சோர்ஸ் ஐ என்றும் இரண்டு இளம் பெரிய நட்சத்திரங்கள். வருஷக்கணக்கில் படமெடுத்துப் பார்த்தால் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன. பாதையைப் பின்னோக்கி வரைந்தால் சுமார் 500 ஆண்டுக்கு முன் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. கூட்டமாக இருந்தது சிதறியிருக்கிறது. எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

எது இளசு என்று கண்டுபிடிக்க, பல அதிர்வெண்களில் பார்க்க வேண்டும். நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்கி, சுமார் 10,000 கெல்வினுக்குச் சூடேற்றும். அந்த வாயு ரேடியோ அலையை வெளியிடும். இளசில் வாயு சின்னதாக, அடர்த்தியாக இருக்கும்; அப்படி இருக்கும்வரை குறைந்த அதிர்வெண்ணைத் தானே விழுங்கிக்கொள்ளும். அதிர்வெண் ஏற ஏறப் பிரகாசம் கூடும். விரிந்துவிட்டால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சமம். ஒரே ஒரு படத்தை வைத்து வயது சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஊத்தங்கரை வாசகி:
ஓசூர்க்காரர் சொன்னதோடு ஒன்று. இளம் நட்சத்திரம் பீய்ச்சும் அயனியான வாயுவின், அதாவது ஜெட்டின், பிரகாசமும் அதிர்வெண்ணோடு ஏறும், தூசியின் பிரகாசம் இன்னும் வேகமாக ஏறும். அதனால் மில்லிமீட்டர் அலையில் சிலி நாட்டில் உள்ள ஆல்மா தொலைநோக்கியின் படத்தையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். 6.7 கிகாஹெர்ட்ஸ் மெத்தனால் மேசரும் (லேசர் போல, மெத்தனால் வாயு பெருக்கி அனுப்பும் ரேடியோ அலை) உதவும். பெரிய நட்சத்திரம் பிறக்கும் இடத்தில்தான் அது வரும்.

பாலக்கோடு ஆசிரியர்:
மிக்க நன்றி. வகுப்பில் கண்ணால் காட்ட ஏதாவது இருக்கிறதா?

ஓசூர்க்காரன்:
இருக்கிறது, செலவே இல்லை. பிரவுசரில் அலாடின் லைட் என்ற வான வரைபடத்தைத் திறந்து, இளம் பெரிய நட்சத்திரம் உள்ள டபிள்யூ3-ஓஎச், அதாவது W3(OH), என்ற இடத்தைத் தேடுங்கள். முதலில் விஎல்ஏ எடுத்த 3 கிகாஹெர்ட்ஸ் சர்வே, அப்புறம் நம் புனே பக்கத்து ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி எடுத்த 150 மெகாஹெர்ட்ஸ் சர்வே. முதல் படத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளியை இரண்டாவதில் தேடச் சொல்லுங்கள். ஏன் காணோம் என்று அந்தப் பெண்ணையே விளக்கச் சொல்லுங்கள் சார்.