பகலில் மின்னூலகம், இரவில் இளையோர் நாவல்: இரண்டும் சேர்ந்து ஓடுமா?

மொட்டைமாடி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். வயது 27. நூலகவியலில் எம்.எல்.ஐ.எஸ்சி. முடித்துவிட்டு, பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும் ஒரு திட்டத்தில் இரண்டு வருடமாக ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். ஸ்கேன், மேல்தரவு (தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற விவரங்கள்), பிழைதிருத்தம் என்று பகல் போய்விடும். இரவு ஒன்பதுக்கு மேல் நாவல். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். முதல் நாவல் போன வருடம் வந்தது, 500 பிரதி.

பதிப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் "இதைச் சிறுவர் நூல் என்று போடுவதா, நாவல் என்று போடுவதா?" என்று இரண்டு மாதம் யோசித்துவிட்டு அட்டையில் பலூன் போட்டுவிட்டார். என் கதாநாயகிக்கு 15 வயது. அவள் பலூனைத் தொட்டு எத்தனையோ வருடமாகிறது. சிறுவர் என்று நினைத்து வாங்கியவர்கள், உள்ளே அவள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போவதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பெரியவர்கள் பலூனைப் பார்த்துத் தாண்டிப் போகிறார்கள்.

வீட்டிலோ, "நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி நூலகர் ஆகிவிடு, கதையெல்லாம் அப்புறம்" என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து நீண்ட நாள் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சும்மாஇரு:

தமிழில் இளையோர் நாவல் எழுதிச் சாப்பிட முடியாது. மின்னூலகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தும் ரொம்ப நாள் சாப்பிட முடியாது. நெட் எழுதுங்கள். வீட்டில் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

ராமபாணம்:

தங்கச்சி, இருபத்திரண்டு வருடமாக நானும் இதே இரட்டை மாட்டு வண்டியில்தான் போகிறேன். நான்கு நாவல், மூன்று வேலை. மேலே ஒருவர் சுருக்கென்று சொல்லியிருக்கிறார், கணக்கு அவர் பக்கம்தான். 160 ரூபாய் நாவல், 500 பிரதி, பத்து சதவீத உரிமைத்தொகை: 8,000 ரூபாய். என் மூன்றாவது நாவலுக்கு அந்த எட்டாயிரமும் கைக்கு வந்து சேர நான்கு வருடம் ஆனது. திட்ட வேலையும் அப்படித்தான். நிதி முடிகிற மார்ச்சில் வேலையும் முடியும். அதனால் நெட் எழுதிவிடுங்கள். சம்பளத்துக்கு ஒரு பிடி இருந்தால், நாவலை அவசரமாக முடிக்கத் தோன்றாது.

ஆனால் இந்த வேலை எனக்குச் சம்பளம் மட்டும் தரவில்லை. ஒருமுறை ஒரு சின்னப் புத்தகம் மேசைக்கு வந்தது. முகப்புத்தாளில் "பிரபவ வருஷம்" என்று மட்டும் இருக்கிறது. அறுபது வருடச் சுற்றில் அது 1867ஆக இருக்கலாம், 1927 அல்லது 1987ஆகவும் இருக்கலாம். விலை எட்டணா. 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதில் நயா பைசா வந்துவிட்டதால் 1987 போனது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் மோட்டார் காருக்கு விளம்பரம். 1867உம் போனது. ஆண்டுக் கட்டத்தில் 1927 என்று தட்டச்சு செய்துவிட்டு, அன்று இரவே என் மூன்றாவது நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதினேன். ஒரு பதினாறு வயதுப் பெண் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த நோட்டின் வயதை இதே மாதிரி கண்டுபிடிக்கிறாள். கற்பனை செய்து எனக்கு அது வந்திருக்காது.

இன்னொன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான புத்தகங்களில் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எங்கள் ஓ.சி.ஆர். மென்பொருள் எப்போதும் தடுமாறும். பார்வையிட வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன் பழைய "லை"யைக் காட்டி, "அக்கா, இந்த எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு" என்றான். நாங்களும் சின்ன வயதில் அதையேதான் சொன்னோம்! அவன் பேச்சில் பாதி இப்போது என் நான்காவது நாவலில் இருக்கிறது. இளையோருக்கு எழுதுகிறவர் இளையோர் பேசுவதைக் கேட்க ஒரு இடம் வேண்டும். நூலகத்தை விட்டால் அதற்குப் பேருந்துதான்.

நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் கதை தெரியும்தானே? கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், ஆளில்லாத கட்டடத்தில் உட்கார முடியாமல், சில நாளிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். போய் வந்தவர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. உங்களுக்கு லண்டன் வேண்டாம், நெட் போதும்.

இப்போது அந்த பலூன். அட்டையில் தெரிவதற்கு முன்பே அது நம் பட்டியலில் இருக்கிறது. நம் மென்பொருள்களில் "வகை" என்ற கட்டத்தைத் திறந்தால் பெரும்பாலும் சிறுவர் இலக்கியம், நாவல் இரண்டும்தான் இருக்கும். மேல்தரவுக்கான டப்ளின் கோர் என்ற தரத்தின் அடிப்படைப் பதினைந்து கூறுகளில் வாசகர் யார் என்பதற்கே இடம் இல்லை, பிற்பாடுதான் சேர்த்தார்கள். ஆனால் நூலகப் பட்டியல் பதிவுக்கான மார்க் 21 வடிவத்தில் முன்பிருந்தே உண்டு. 008 புலத்தில் 22ஆம் இடம். "டி" (d) போட்டால் வளரிளம் பருவத்தினர், "ஜே" போட்டால் பொதுவாகச் சிறுவர். 521ஆம் புலத்தில் "14 முதல் 17 வயது" என்று குறிப்பும் எழுதலாம். நான் பார்த்த பதிவுகளில் பாதிக்கு மேல் அந்த இடம் வெறுமைதான். அலமாரி இல்லை என்று புலம்புகிற எழுத்தாளர்களில் உங்கள் கையில் மட்டும்தான் அலமாரியின் சாவி இருக்கிறது. அடுத்த நாவலுக்கு வயதைப் பின்னட்டையிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். பட்டியலாளர் பின்னட்டையைத்தான் படிப்பார், உள்ளே படிக்க அவருக்கு நேரம் கிடையாது.

மொட்டைமாடி:

ரொம்ப நன்றி அக்கா. சொல்ல விட்டுப்போன ஒன்று: என் நாவலை யாரோ ஸ்கேன் செய்து ஒரு குழுவில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் திறந்து பார்த்ததும் முதலில் கோபம் வந்தது பக்கங்கள் கோணலாக இருந்ததற்கும், 41ஆம் பக்கம் இல்லாததற்கும். இது என்ன வியாதி?

பனங்காய்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். அது எங்கள் எல்லாருக்கும் இருக்கிற வியாதிதான். 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. "இந்தப் புத்தகம் வேறை எங்கையாவது ஒரு படி இருக்குமோ?" என்று பெரியாக்கள் கேட்கிறதைக் கேட்டு வளர்ந்தனாங்கள். ஈழத்து நூல்களை மின்னாக்கிச் சேர்க்கிற "நூலகம்" இணையத்தளம் 2005இல் தொடங்கினபிறகு நானும் கொஞ்சக்காலம் தன்னார்வலராக வேலை செய்தனான். அனுமதி எடுக்கிறதுதான் கனக்க நேரம் தின்னும். பதிப்புரிமை இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 வருடம், இலங்கையில் 70. 1965இல் இறந்தவரின் நூல் உங்கள் சட்டப்படி 2026 ஜனவரியில் எல்லாருக்கும் பொது, எங்கள் சட்டப்படி 2036 வரை பொறுக்கவேணும். உயிரோடை இருக்கிற நீங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும். பதிப்பாளரோடை ஒப்பந்தம் முடிந்ததும், நேராக ஸ்கேன் செய்த ஒரு படியை, 41ஆம் பக்கத்தோடை, நீங்களே ஒரு மின்னூலகத்துக்குக் குடுங்கோ. கோணல் படிக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

ராமபாணம்:

அதே. ஒப்பந்தத்தில் மின்னூல் உரிமை யாருக்கு என்று முதலில் பாருங்கள். என் முதல் நாவலில் நான் பார்க்கவில்லை. அச்சில் இல்லாமல் போய் பன்னிரண்டு வருடமாகிறது, நானே என் புத்தகத்தைப் பதிவேற்ற முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மொட்டைமாடி:

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். மின்னூல் உரிமை எனக்குத்தான், பிழைத்தேன். நெட் விண்ணப்பமும் போடுகிறேன்.

அப்புறம், எங்கள் அலுவலக நூலகத்துக்கு என் நாவலில் ஒரு பிரதி கொடுத்திருந்தேன். இன்று காலை கோஹா என்ற நூலக மென்பொருளில் அதன் பதிவைத் திறந்து 008ஐப் பார்த்தேன். 22ஆம் இடத்தில் "ஜே". யார் இப்படிப் போட்டது என்று பார்த்தால், ஒரு படக்கதைப் புத்தகத்தின் பதிவை நகலெடுத்து, தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் மாற்றிச் சேமித்திருக்கிறார்கள். சேமித்தவர் பெயர் என்னுடையது.