ஆரன்பெர்க் காட்டுல நின்னு பார்த்தவங்க இருக்கீங்களா?

சக்கரவாகம்:
பிரான்ஸ்ல நடக்குற பாரி-ரூபே சைக்கிள் பந்தயத்தை பல வருஷமா டிவியில பாத்துட்டு, 2024 ஏப்ரல்ல அதுல வர்ற ஆரன்பெர்க் காட்டுக் கல்லுப்பாதை ஓரமா நாலு மணி நேரம் கால் கடுக்க நின்னேன். முதல்ல ஹெலிகாப்டர் சத்தம், அப்புறம் கார் ஹாரன். அதுக்கப்புறம் வந்ததை சைக்கிள்னே நம்ப முடியல. தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி செயின் ஃபிரேம்ல மோதுது. எதிர்ல வந்தவரோட கன்னச் சதை தனியா ஆடுது. டிவியில பாத்தா வழுக்கிக்கிட்டுப் போற மாதிரிதான் தெரியும்!

மொத்தம் 260 கி.மீ., அதுல 55 கி.மீ. கிட்ட இந்த மாதிரி கல்லு பதிச்ச கரடுமுரடான பாதை. அந்த வருஷம் காட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைக்க ஒரு வளைவு வச்சாங்க. இல்லன்னா 60 கி.மீ. வேகத்துல கல்லு மேல ஏறுவாங்க. வளைவே ஆபத்துன்னு வீரர்கள்லயே சிலர் கடுப்பானாங்க. எனக்கென்னவோ வச்சது சரின்னுதான் படுது. 1998-ல பெல்ஜியம் வீரர் யோஹான் மியூசேவ் இங்க விழுந்து முழங்கால் சில்லு நொறுங்கி, காயம் அழுகி, காலையே எடுக்கணும்ங்கற அளவுக்குப் போச்சு. 2000-ல மறுபடி வந்து ஜெயிச்சவர், கோட்டைத் தாண்டும்போது அந்த முழங்காலைச் சுட்டிக் காட்டினார்.

கரூர் தம்பி:
அண்ணே, நான் அதுல ஓட்டியே பாத்துட்டேன். பந்தயத்துக்கு முந்தின நாள் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விடுவாங்கள்ல, அதுல 145 கி.மீ. ஊர்ல ஓட்டுற நெனப்புல டயர்ல காத்தை கல்லு மாதிரி ஏத்திட்டுப் போனது முட்டாள்தனம். முதல் கல்லுப்பாதையிலயே தண்ணி பாட்டில் துள்ளி ஓடிருச்சு. வீரர்கள் இப்ப 32 மில்லிமீட்டர் அகலத்துல, உள்ள டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர்ல காத்தைக் குறைச்சுத்தான் ஓட்டுறாங்க. பாதையோட நடுமேட்டுலயே போகணும், ஓரத்துக்கு இறங்கினா கூர்க்கல்லு டயரைக் கிழிச்சிரும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கக் கூடாதுன்னு பக்கத்துல வந்த பெரியவர் சைகையில சொன்னார். புரியறதுக்குள்ள ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம். அன்னைக்கு ராத்திரி ரூம் சாவியைத் திருப்ப முடியாம ரிசப்ஷன்ல இருந்த பொண்ணுதான் திறந்துவிட்டுச்சு.

பாரிஸ் ராஜி:
நான் 2021 ஒக்டோபர்ல பந்தயம் முடியிற ரூபே மைதானத்தில நிண்டனான். அண்டைக்கு நல்ல மழை. உள்ளுக்க வந்த ஆக்களிண்ட கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிஞ்சது, மிச்சமெல்லாம் சேறு. எந்த அணிச் சட்டையெண்டே விளங்கேல்ல. இத்தாலி வீரர் சொன்னி கொல்பிரெல்லி வெண்டிட்டு சைக்கிளைத் தூக்கிப் பிடிச்சுப்போட்டு புல்லில விழுந்து கத்திக் கத்தி அழுதார். அதே மனுசன் 2022 மார்ச்சில ஸ்பெயினில நடக்கிற கட்டலோனியா பந்தயத்தில கோட்டைத் தாண்டின உடனயே இதயம் நிண்டு விழுந்தார். உயிர் தப்பீட்டார், ஆனா நெஞ்சுக்குள்ள இதயத் துடிப்பைச் சரிசெய்யிற கருவி வைச்ச பிறகு அவரிண்ட பந்தய வாழ்க்கை முடிஞ்சுது. விழுகிறதுக்கு ஹெல்மெட் போடலாம் தம்பி, இதுக்கு என்னத்தைப் போடுறது?

சக்கரவாகம்:
ராஜி அக்கா, அந்த அழுகையை நேர்லயா பாத்தீங்க! தம்பி, கை இப்ப பரவாயில்லையா? அடுத்த ஏப்ரலுக்கு நான் போறேன். வர்றவங்க முன்கூட்டியே சொல்லுங்க, காலையிலயே போனாதான் வேலி ஓரம் இடம் கிடைக்கும்.