ஔவையார் விருதுக்கு அனுப்பலாம் என்றால், அக்காவிடம் ஒரு படம்கூட இல்லை

(சமூக சேவை செய்யும் பெண்களுக்குத் தமிழக அரசு தரும் விருது இது. யாரை அனுப்பலாம் என்று சேலம் மாவட்டத்தின் நான்கு இடத்துக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். பெயருக்குப் பதில் ஊர்.)

நாகலூர்:
ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அக்கா ஒருவர். பதினெட்டு ஆகாத பிள்ளைகளின் கல்யாணத்தை நிறுத்துகிறவர் என்று மலையில் பல ஊருக்குத் தெரியும். "ஏதாவது ஆதாரம் இருக்கா அக்கா?" என்றதற்கு மஞ்சப்பையிலிருந்து ஒரே ஒரு காகிதம் எடுத்தார். எட்டாவதோடு நின்ற ஒரு பிள்ளையின் டி.சி. நகல். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் காட்டினார். மடித்து உள்ளே வைக்கும்வரை விரலை எடுக்கவில்லை. அந்த விரல்தான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

சேதி காதில் விழுந்ததும் அவர் முதலில் போவது பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் ஆதாரைக் காட்டி "பதினெட்டு முடிஞ்சிருச்சு" என்பார்கள். வயதுக்கு அது செல்லாது. இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றுக்குத்தான் முதல் இடம். அது இல்லையென்றால் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. பள்ளிச் சான்று கைக்கு வந்ததும் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைப்பார்.

வாழப்பாடி:
1098 மட்டும் போதாது நாகலூர். ஆள் வருவார்கள், "பதினெட்டு ஆகாமல் கட்டிவைக்க மாட்டோம்" என்று எழுதி வாங்குவார்கள், போய்விடுவார்கள். மூன்றாம் நாள் விடியக்காலை வேறு மாவட்டத்துக் கோயிலில் தாலி ஏறிவிடும். இங்கே அங்கன்வாடி உதவியாளர் ஒருவர், எழுதி வாங்கிக் கிளம்பியவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "எழுதினது சரிங்க சார், கோர்ட்டுத் தடை எங்க?"

அவர் கேட்டது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆம் பிரிவை. மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவர் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம், விவரம் தெரிந்த வேறு யாரும் போடலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் இல்லாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். தடையை மீறி நடந்த கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. தடை வாங்கவில்லையென்றால் பெரும்பாலும் அந்தப் பெண்ணேதான் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும், அதுவும் 20 வயது முடிவதற்குள். மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவள் எப்படிப் போவாள்? அதனால் மனுவில் பெண்ணின் வயதுச் சான்று, மாப்பிள்ளை பெயர், நாள், இடம் நான்கும் இருக்கட்டும். பத்திரிகை அடிக்காத கல்யாணமென்றால் மண்டப முன்பதிவு, புரோகிதர், சமையல்காரர் என்று விசாரித்தால் நாள் தெரிந்துவிடும். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வழக்கம் வேறு என்று யாராவது வாதாடினால் நம்பாதீர்கள், இந்தச் சட்டம் அவர்களுக்கும் உண்டு.

செவ்வாய்பேட்டை:
கல்யாணத்தை நிறுத்துவது மட்டும்தான் கணக்கா? கொலுசு வேலை செய்யும் ஒரு அம்மா, தெருப் பெண்களிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடச் சொன்னார். வாங்கிய வெள்ளி எத்தனை கிராம், பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்தது எத்தனை, வெட்டுத்துண்டு எத்தனை. தராசில் வைக்கும்போது பக்கத்தில் நின்று அங்கேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் குறைந்ததெல்லாம் கூலியில்தான் பிடிபடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் கோடு போட்டுக் கற்றுக்கொடுத்தார். இவருக்கும் படம் கிடையாது.

அஸ்தம்பட்டி:
விருதுக்கு வருவோம். 2012இலிருந்து மார்ச் 8இல் கொடுக்கிறார்கள், 8 கிராம் தங்கப் பதக்கம். குறைந்தது ஐந்து வருஷ சேவை காட்ட வேண்டும். மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையேடாகப் போகும். காப்பாற்றிய பிள்ளையின் படத்தையோ டி.சி.யையோ அதில் வைத்துவிடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவுப்படி குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதச் சிறை, 2 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் வரை போகும். அந்த அக்காவின் கட்டைவிரல் செய்தது சட்டப்படியே சரி. பதிலுக்குத் தலைமை ஆசிரியரிடம் கடிதம் வாங்குங்கள்: எந்த ஆண்டு, எத்தனை பேர் மறுபடி பள்ளிக்கு வந்தார்கள். பெயர் வேண்டாம். போலீஸ் சான்றும் கேட்பார்கள். கல்யாணம் நின்ற வீட்டார் கோபத்தில் அக்கா மேல் புகார் கொடுத்திருந்தால் அங்கேதான் சிக்கும், முதலில் அதை விசாரியுங்கள்.

நாகலூர்:
தலைமை ஆசிரியை கடிதம் தருகிறேன் என்றுவிட்டார். அக்காதான் பழம் பறிப்பு முடியட்டும் என்கிறார். விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வருவதும் பறிப்பு நடக்கிற மாசத்தில்தான்.