மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன், என் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை: எதை முதலில் செய்வது?

திருச்சிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது, சொந்த ஊர் திருச்சி, ஆறு வருஷமாகச் சென்னையில் வேலை. நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் ஒஹாயோவில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர், கிறிஸ்தவர், இந்திய வம்சாவளி இல்லை. இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கவே ஒன்றரை வருஷம் ஆயிற்று, அதை எழுதினால் தனித் தொடராகிவிடும், விடுங்கள். இப்போது தலைவலி காகிதங்கள்.

அவருக்குச் சேர்ந்தாற்போல் மூன்று வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. அப்பா, தை மாதம் குலதெய்வம் கோவிலில் தாலி கட்டிவிட்டு, அந்த ரசீதையும் பத்திரிகையையும் காட்டி ரிஜிஸ்டர் செய்துவிடலாம் என்கிறார். பெரிய மாமா வேறு மாதிரி. ஆபீஸ் வேலையாக எடுத்த பத்து வருஷ பி1/பி2 விசா (அலுவல், சுற்றுலாவுக்கானது) என்னிடம் இருக்கிறது, "அதில் போய் இறங்கு, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே க்ரீன் கார்டுக்குப் போட்டுவிடு, எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்" என்று தினமும் போன்.

இது போதாதென்று என் பிறப்புச் சான்றிதழில் பெயர் கட்டம் காலி, "பெண்" என்று மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கிடையாது, பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொள்ளிடக்கரை:
தங்கச்சி, நான் ஸ்ரீரங்கம். என் வீட்டுக்காரரும் அமெரிக்கர்தான், 2021 கடைசியில் கல்யாணம், 2024 தொடக்கத்தில் இங்கே அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தேன். உன் அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடு: கோவில் கல்யாணம் தாராளமாக வையுங்கள், ஆனால் அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது. இந்துத் திருமணச் சட்டம் இரண்டு பேரும் இந்துவாக இருந்தால்தான். உங்களுக்கு இருப்பது 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அதில் கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் உங்களில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நீ இருப்பதால் அது சரியாகிவிடும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்காவிட்டால் நோட்டீஸ் காலாவதி, மறுபடி முதலிலிருந்து.

யாராவது "கோவிலில் முடித்துவிட்டு அதே சட்டத்தின் 15ஆம் பிரிவில் பதிவு செய்துகொள்ளலாமே" என்பார்கள். கேட்காதே. அதில் இரண்டு பேருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் இருந்திருக்க வேண்டும், அதன் மேல் நோட்டீஸ் காலமும் உண்டு. மூன்று வார லீவுக்காரருக்கு அது ஆகாத காரியம். என்னவர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை ஒன்பது நாள், நோட்டீஸில் கையெழுத்துப் போட. நாற்பது நாள் கழித்துக் கல்யாணத்துக்கு. காலையில் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், மூன்று சாட்சி, மறுநாள் கோவில். டிக்கெட் காசு வலித்தது, வேறு வழி இல்லை. அவர் இதுவரை கல்யாணம் ஆகாதவர் என்பதற்கு அமெரிக்க அரசு சான்றிதழ் எதுவும் தராது, தூதரகத்தில் நோட்டரி முன்னால் அவரே உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சென்னையிலேயே ஆகும், அப்பாயின்ட்மென்ட் மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் உன் பெயர். நீ கேட்டதிலேயே இதுதான் பெரிய விஷயம், நீ என்னவோ கடைசியில் எழுதியிருக்கிறாய். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உன் முழுப் பெயரையும் சர்நேம் இடத்தில் போட்டு, பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். உன் இப்போதைய விசாவை எடுத்துப் பார், அப்படித்தான் இருக்கும். நான் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். அதே எஃப்என்யூ க்ரீன் கார்டில் வந்தது, டிரைவிங் லைசென்ஸில் வந்தது, இப்போது மருந்துக்கடையில் மைக்கில் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிடுகிறார்கள், நானும் எழுந்து போகிறேன்.

ஆகவே முதல் வேலை பாஸ்போர்ட். அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு மறுவெளியீடு வாங்கு. அதே எழுத்துக்கூட்டலில் திருமண நோட்டீஸ், அதே எழுத்துக்கூட்டலில் திருமணச் சான்றிதழ், அதற்கப்புறம்தான் ஐ-130, அதாவது மனைவிக்காக அவர் அமெரிக்க அரசிடம் போடும் மனு. வரிசை மாறினால் ஒவ்வொரு இடத்திலும் "இவரும் அவரும் ஒருவரே" என்று அபிடவிட் எழுதிக்கொண்டே இருப்பாய்.

பிறப்புச் சான்றிதழுக்கு மாநகராட்சியில் பெயர் சேர்க்க முடிகிறதா என்று அப்பாவை நேரில் போய்க் கேட்கச் சொல். முடியாவிட்டால் அந்தச் சான்றிதழோடு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், அம்மா அப்பா இரண்டு பேரின் அபிடவிட் எல்லாம் சேர்த்து வைத்துக்கொள். தமிழில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்காகக் காசு கொட்ட வேண்டாம், இரண்டு மொழியும் தெரிந்த யாரும் செய்து, சரியான மொழிபெயர்ப்புதான் என்று கையெழுத்துப் போடலாம். எனக்கு என் கணக்கு வாத்தியார் செய்து கொடுத்தார்.

டல்லாஸ் மணி:
உங்கள் மாமா சொல்வதைச் செய்துவிடாதீர்கள் மேடம். பி1/பி2வில் வந்து இங்கே கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போவதில் தப்பில்லை. குடியேறும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்பதுதான் பொய் சொல்லி நுழைந்தது ஆகும். அது தீர்மானமாகிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தடை, அதிலிருந்து வெளியே வரத் தனியாக விலக்குக் கேட்டு அலைய வேண்டும். எத்தனையோ பேர் செய்தார்கள் என்பவர், மாட்டிக்கொண்டவர்களை எண்ணியிருக்க மாட்டார்.

அந்த இரண்டு தடவை பயணம் ஒத்துவராவிட்டால் கே-1, அதாவது கல்யாணம் நிச்சயமானவருக்கான விசா, இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே அவர் ஐ-129எஃப் மனுப் போடுவார், நீங்கள் வந்து 90 நாளுக்குள் இங்கே கல்யாணம் செய்ய வேண்டும். ஆனால் அதற்கப்புறம் க்ரீன் கார்டுக்கு மறுபடி விண்ணப்பம், 1,440 டாலர், வேலை அனுமதி வரும்வரை வீட்டில் சும்மா உட்கார வேண்டும். என் தம்பி மனைவி அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அழுதே விட்டாள், ஊரில் வேலைக்குப் போய்ப் பழகியவள். கல்யாணம் முடித்துவிட்டு மனைவியாக எடுக்கும் குடியேற்ற விசாவான சிஆர்1 என்றால் இறங்கிய நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். ஐ-130 ஆன்லைனில் 625 டாலர், பிறகு என்விசிக்கு (தேசிய விசா மையம்) 325ம் 120ம், விசா கிடைத்த பின் க்ரீன் கார்டுக்கு 235. மெடிக்கல் தனி. எனக்குக் கேட்டால் சிஆர்1தான்.

அவரிடம் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஐ-864 என்று, உங்களைப் பண விஷயத்தில் தாங்கிக்கொள்வதாக ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவார். வருமானம் வறுமைக்கோட்டில் 125 சதவீதம் இருக்க வேண்டும், 2025 கணக்கில் இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர். அது குறைந்தால் வேறொருவர் கூட்டாகக் கையெழுத்துப் போடலாம். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு தானாக விலகாது. இதைப் பின்னால் தெரிந்துகொண்டு கோபித்துக்கொண்ட மாமியாரை எனக்குத் தெரியும்.

கொள்ளிடக்கரை:
மணி அண்ணா சொல்வது சரி. இன்டர்வியூ பற்றி ஒரு வார்த்தை. மும்பையில்தான் நடக்கும், மெடிக்கலைச் சென்னையிலேயே முடித்துக்கொள்ளலாம். நான் 400 போட்டோ பிரிண்ட் போட்டுக்கொண்டு போனேன், விசா அதிகாரி அம்மா பார்த்தது ஒன்றே ஒன்று. கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து, கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று கேட்டார். நாத்தனார் மட்டும் வந்தாள் என்று அந்தப் படத்தைக் காட்டினேன், காஞ்சிபுரம் புடவை, மல்லிகைச் சரத்தைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு நிற்பாள். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மொத்தம் ஆறு நிமிஷம். நாள் கணக்கு வேண்டுமென்றால், 2022 மார்ச்சில் ஐ-130 போட்டோம், ஒப்புதல் 2023 மே, இன்டர்வியூ டிசம்பர். நான் நுழைந்தபோது கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டியிருந்ததால் பத்து வருஷ கார்டு கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்குள் வந்தால் இரண்டு வருஷ கார்டுதான், அது முடிய 90 நாள் இருக்கும்போது, அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 விண்ணப்பம் போட வேண்டும்.

தோட்டத்துக்காரன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், ஏன் எல்லோரும் நீங்கள்தான் போக வேண்டும் என்றே பேசுகிறார்கள்? என் மனைவி ஜெர்மன்காரர், இப்போது பொள்ளாச்சி வாசி. துணைவருக்கான எக்ஸ் விசாவில் வந்தார். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்பதால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு செய்தோம். கல்யாணம் பதிவாகி இரண்டு வருஷம் ஆனதும் ஓசிஐ, அதாவது வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை. இந்தியக் குடிமகனின் மனைவி என்ற தகுதியில் கிடைக்கும், வாழ்நாள் விசா மாதிரி. விவசாய நிலம் மட்டும் அவர் பெயரில் வாங்க முடியாது, அதனால் தென்னந்தோப்பு முழுக்க என் பெயரில். அதை வைத்து வாரம் ஒரு சண்டை. உங்கள் ஆள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் என்றால் யோசித்துப் பாருங்கள்.

திருச்சிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. அவர் மருத்துவமனை வேலை, இங்கே வந்து இருக்க முடியாது. பாஸ்போர்ட்டுக்கு இன்று காலையிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டேன். பழைய விசாவை எடுத்துப் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்ன அதே எஃப்என்யூ, நான்கு வருஷமாகக் கவனிக்கவே இல்லை. அப்பாவிடம் நோட்டீஸ் விஷயம் சொன்னதற்கு, "போர்டில் போட்டோ ஒட்டுவார்களா" என்றுதான் முதல் கேள்வி.

கொள்ளிடக்கரை:
எங்களுக்கு ஒட்டினார்கள். நீ சென்னையில் நோட்டீஸ் கொடுத்தாலும், நிரந்தர முகவரி திருச்சி என்றால் ஒரு நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். சொந்தக்காரர்களுக்கு அப்பாவே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது, என் சித்தப்பா அந்தப் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.