ஆய்வுக் கட்டுரைக்கு இலவச மருத்துவப் படம் தேடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சிறுநீரகவியல் ஆய்வு மாணவி, சென்னை:

நானே தொடங்குகிறேன். நீரிழிவால் சிறுநீரகம் பழுதாவதைப் பற்றிய என் முதல் ரிவ்யூ கட்டுரையை ஒரு ஜர்னல் ஏற்றுக்கொண்டது. சந்தோஷம் நான்கு நாள்தான். அடுத்த மெயிலில், படம் 2-க்கு வெளியீட்டு உரிமச் சான்று அனுப்பு என்றார்கள். அந்த நெஃப்ரான் (சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகு) படத்தை ஒரு வரைபடத் தளத்தின் இலவசக் கணக்கில் வரைந்திருந்தேன். விதிகளை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். இலவசக் கணக்கில் வரைந்ததை வகுப்பில் காட்டலாம், ஜர்னலில் போட முடியாது. அதற்குக் காசு கட்டிய கணக்கு வேண்டும். எனக்கோ உதவித்தொகை வந்தே இரண்டு மாதம் ஆகியிருந்தது. கெடு ஒரு வாரம்.

கைடு மேடம்தான் செர்வியே மெடிக்கல் ஆர்ட்டைக் காட்டினார். செர்வியே என்பது பிரான்ஸ் நாட்டு மருந்து நிறுவனம். 3,000-க்கும் மேற்பட்ட படங்களை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிம முறையின் சிசி பை 4.0 உரிமத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரைக் குறிப்பிட்டால் மாற்றி வரையலாம், சந்தா வாங்கும் ஜர்னலிலும் போடலாம். பவர்பாயிண்டில் திறந்து அன்குரூப் செய்தேன். குளோமெருலஸ் (இரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) தனியாக, குழாய் தனியாகப் பிரிந்து வந்தது. அந்த முடிச்சைச் சுற்றியிருக்கும் போடோசைட் செல்லின் விரல் போன்ற பாதங்கள் சிதைவதைக் காட்டும் படம் மட்டும் கிடைக்கவில்லை, அதை இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நானே வரைந்தேன். இரண்டு ராத்திரி ஆயிற்று. படத்தின் கீழே "செர்வியே மெடிக்கல் ஆர்ட் படங்களைத் தழுவி வரையப்பட்டது, சிசி பை 4.0" என்று எழுதினேன். 'தழுவி' என்ற சொல் முக்கியம். மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும் என்பது உரிமத்திலேயே இருக்கிறது.

உடற்கூறியல் ஆசிரியர், மதுரை:

நல்ல காரியம் செய்தீர்கள் அம்மா. நான் பழைய ஆள், எனக்குப் பழைய படங்கள்தான் கை கொடுத்தன. கிரேஸ் அனாட்டமி என்ற உடற்கூறியல் நூலின் 1918 அமெரிக்கப் பதிப்பு இப்போது பப்ளிக் டொமைனில், அதாவது பதிப்புரிமை இல்லாத பொதுச் சொத்தாக, இருக்கிறது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் ஒவ்வொரு படமும் எண்ணோடு கிடைக்கும். ஆனால் அங்கே பல படங்கள் மிகச் சிறியவை. ஜர்னல் 17 சென்டிமீட்டர் அகலத்தில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்டால் சுமார் 2,000 பிக்சல் வேண்டும். நான் எடுத்ததோ 500 பிக்சல். அச்சில் தமனியின் ஓரமெல்லாம் பிசிறடித்தது. பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவில் அதே பதிப்பின் ஸ்கேனைத் தேடி எடுத்தேன், கோடுகள் கத்தி போல இருந்தன. இன்னொன்று, படத்துக்குள்ளேயே பழைய பெயர்கள் இருக்கும். இன்று பிராக்கியோசெஃபாலிக் என்று நாம் சொல்லும் தமனி அதில் 'இன்னாமினேட்'. அதை அழித்துப் புதுப்பெயர் எழுதாமல் அனுப்பிவிடாதீர்கள்.

1858-இல் வந்த முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அவர் அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய 'மதுரா ஃபுட்' என்ற கால் நோய்க்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்து, அது பூஞ்சையால் வருவது என்று எழுதியவரும் அவர்தான். அதனால்தான் பதிப்புரிமை காலாவதியான படம் என்றாலும் அவர் பெயரைப் போடுகிறேன். சட்டம் கேட்கவில்லை, மனசு கேட்கிறது.

சிறுநீரகவியல் ஆய்வு மாணவி:

சார், கார்ட்டர் இந்தியாவுக்கு வந்தவர் என்பதே எனக்குப் புதிது. நன்றி.

நுண்ணுயிரியல் ஆய்வாளர், கோவை:

என் சிக்கல் வேறு. படம் இலவசம், உரிமமும் இருந்தது, ஆனால் அது சிசி பை-எஸ்ஏ. அதைத் தழுவி வரைந்தால் நம் படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஜர்னலோ எல்லாவற்றையும் சிசி பை என்று போடுகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, படத்தை எடுக்க வேண்டியதாயிற்று. என்சி என்று முடியும் உரிமமும் அப்படித்தான், வணிகப் பயன்பாடு கூடாது என்பதால் பல பதிப்பகங்கள் ஏற்பதில்லை.

இப்போது நான் முதலில் போவது அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் பயோஆர்ட் தளத்துக்கு. அங்குள்ளவை பப்ளிக் டொமைன். வைரஸ், பாக்டீரியா, நோயெதிர்ப்பு செல் எல்லாம் வெக்டராகவே கிடைப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் பட நூலகமும் நல்லது. 2020-இல் உலகமே பார்த்த சிவப்பு முள் கொண்ட சாம்பல் நிறக் கொரோனா வைரஸ் உருண்டை, அலிசா எக்கர்ட்டும் டேன் ஹிக்கின்ஸும் சிடிசிக்காக வரைந்தது, அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லாப் படமும் பப்ளிக் டொமைன் இல்லை, ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு எடுங்கள். பயோஐகான்ஸ் தளத்திலும் ஐகானுக்கு ஐகான் உரிமம் மாறும். நான் இறக்கும்போதே தளத்தின் முகவரி, தேதி, உரிமம் மூன்றையும் ஒரு எக்செல் தாளில் எழுதி, உரிமப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவிடுகிறேன்.

தோல் மருத்துவ முதுநிலை மாணவர், திருநெல்வேலி:

அண்ணா, அக்கா, உங்கள் எல்லோரிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. தொழுநோயில் வரும் வெளிறிய தேமல் பற்றிப் படம் தேவைப்பட்டது. நான் தேடிய இலவசப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். அதில் வெளிறல் தெரியவே தெரியாது. நிறம் வெளுப்பதுதானே பெரும்பாலும் அந்த நோயின் முதல் அடையாளம்! 2021-இல் நைஜீரிய மருத்துவ மாணவர் சிடியெபெரே இபே கறுத்த தாயையும் கருவையும் வரைந்த படம் உலகம் முழுக்கப் பரவியபோது, இது எத்தனை பெரிய குறை என்று புரிந்தது. செர்வியேவின் தோல் வெட்டுமுகத்தை எடுத்து மேல்தோல் நிறத்தைப் பழுப்பாக மாற்றினேன். அடித்தளச் செல் அடுக்கில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் மணிகளைக் கூட்டி, தேமல் உள்ள இடத்தில் மட்டும் குறைத்தேன். என் நோயாளிகளின் தோல் போலவே வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டு அதை விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றப் போகிறேன். மேற்புறத் தோற்றப் படமும் மாநிறத்தில் வரைய வேண்டும், எனக்குக் கை அவ்வளவு வராது. யாராவது சேர்ந்து வரைய வருகிறீர்களா?

சிறுநீரகவியல் ஆய்வு மாணவி:

நான் வருகிறேன் தம்பி. இங்க்ஸ்கேப் கோப்பை அனுப்பு.